மூன்றாவது நட்டு

கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வண்டிக்குள் அத்தையின் பேச்சு நின்றுபோயிற்று.

ஐப்பசி மழை. கோணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு காரின் பின்புறம் நின்றிருந்தேன். எதிரே தரைப்பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே அடிக்காமலிருக்க வண்டியின் நாலு பக்கமும் கித்தான் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தேன். உள்ளே பின் ஆசனத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி தனம். பக்கத்தில் அவளைப் பிரசவத்துக்குப் பொதட்டூர்பேட்டைக்கு அழைத்துப் போக வந்திருந்த அவள் அம்மா, என் அத்தை.

அத்தை பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை. திருத்தணியில் ஏறியதிலிருந்து வளைகாப்புக்கு வராதவர்களின் பட்டியலைச் சொல்லிக்கொண்டே வந்தார். வந்தவர்கள் என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது அதற்கடுத்த பட்டியல். அது திடீரென்று நின்றதும் எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை எழுதக் கை கூசுகிறது. அப்பாடா, தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

கரியில் ஓடிய கார்

நூலுக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இதுவும் அதே யுத்த காலம்தான். நூலைப் போலவே பெட்ரோலும் கண்ணில் காணாத பொருளாகிவிட்டிருந்தது.

என் மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரி. அவர் மகளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். சிறு வயதிலிருந்து என்னை 'பாவா' என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டாள். நாங்கள் திருத்தணியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் குடியிருந்தோம். பொதட்டூரிலிருந்து லுங்கிக் கட்டுகளை ஏற்றிவந்து ரயிலில் போடுவது என் வேலை. அதற்காக மாமா தன்னுடைய பழைய காரை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். கித்தான் கூரை போட்ட, திறந்த பக்கங்கள் கொண்ட கார்.

பெட்ரோல் கிடைக்காமல் போகவே, சென்னையிலிருந்து ஒருவர் வந்து அதற்குக் கரி காஸ் பொருத்திக் கொடுத்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் மரக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்ட வேண்டும். அதிலிருந்து வரும் புகை ஒரு குழாய் வழியாகப் பின் ஆசனத்துக்கு அடியில் போய், முன்னால் இன்ஜினுக்குள் நுழையும். அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். புறப்படும் முன் கைப்பிடி போட்ட ஒரு விசிறியைக் கால் மணி நேரம் சுற்றினால்தான் நெருப்பு பிடிக்கும். வண்டி நின்றுவிட்டால், நெருப்பு தணியாமலிருக்க மறுபடி சுற்ற வேண்டும். அப்போது உண்டாகும் புகை முன்பக்கத்துச் சின்னக் குழாய் வழியாக வெளியே போய்விடும். போய்விட வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை ஆசனத்துக்கு அடியிலிருந்த இணைப்பைக் கழற்றிக் குழாயிலிருந்த கரியைச் சுரண்ட வேண்டும். மூன்று நட்டுகள். கழற்ற வேண்டும், சுரண்ட வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் காதர் பாய் ஷெட் வைத்திருந்தார். ஊரில் அவர் ஒருவருக்குத்தான் கரி வண்டி வேலை தெரியும். அவருடைய ஆட்களில் ஒருவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான், இன்னொருவன் அரக்கோணத்துக்குப் போய்விட்டான். பஸ்களை முடித்துவிட்டுத்தான் நம் வண்டியைத் தொடுவார். ஒருமுறை கட்டுகள் ரயிலைத் தவறவிட்டன. "உனக்கு ஒரு நட்டு கழட்டத் தெரியாதா?" என்று மாமா பத்துப் பேர் முன்னால் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் நானே வேலை செய்வதென்று ஆரம்பித்தேன்.

கோணி மேல் பரப்பிய கடை

அரக்கோணத்தில் ரயில்வே கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் கோணியை விரித்துப் பழைய சாமான்கள் விற்றுக்கொண்டிருப்பார். பூட்டு, கீல், சைக்கிள் பெடல், மண்ணெண்ணெய் விளக்கின் திரி உருளை. அதற்கு நடுவில் ஒரு தார்ப்பாய்ப் பையில் ஆறு ஸ்பானர்கள், ஒரு குறடு, ஒரு திருப்புளி. எல்லாம் வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளத்தன. காதர் பாயின் ஸ்பானர்கள் கறுத்து எண்ணெய் பிசுக்கேறி இருக்கும். எனக்கு இவைதான் பெரிய சரக்காகத் தெரிந்தன.

"மோட்டாருக்குங்களா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"ஆங்."

"சைக்கிளுக்கு நல்லா இருக்கும்ங்க. மோட்டாருக்குன்னா யோசிச்சி எடுங்க."

விற்கிறவரே வேண்டாமென்று சொல்லும்போது வாங்குகிறவன் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ மலிவாகக் கிடைத்ததை யாராவது தட்டிப் பறித்துவிடுவார்களோ என்ற அவசரம். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

காதர் பாயிடம் காட்டியபோது அவர் ஒரு ஸ்பானரை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். "சத்தம் வரலிங்களே. வாய் விரிஞ்சிடும். கெட்டி வேலன்னா நம்மகிட்ட ஸ்பானர் வாங்கிகினு போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் தொழில் போட்டியில் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஞாயிறு காலைகளில் புழக்கடையில் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திக் கைச்சட்டையை மடித்துக்கொண்டு வேலை செய்வேன். தனம் கிணற்றங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "எங்க மாப்பிள்ளையே மெக்கானிக்கு" என்று மாமா பொதட்டூரில் சொல்லிக்கொள்வதாகக் காதுக்கு வந்தது. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஸ்பானரின் வாய் ஒரு நூல் அகலம் விரிந்துகொண்டே வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தேன்.

மண் பூசிய இடம்

புறப்படும் நாள் காலை. அத்தை முந்தின நாளே வந்துவிட்டிருந்தார். குழாயைச் சுத்தம் செய்துவிட்டுப் பூட்ட உட்கார்ந்தேன். இரண்டு நட்டுகள் இறுகின. மூன்றாவதைத் திருப்பும்போது ஸ்பானர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மறுபடி போட்டேன். மறுபடி வழுக்கியது. நட்டின் முனைகள் தேய்ந்து உருண்டையாகிவிட்டன. குறடால் பிடித்தேன், அதுவும் நழுவி என் விரல் முட்டியைத் தோலுரித்தது. விரலை வைத்துப் பார்த்தால் நட்டு லேசாக ஆடியது.

காதர் பாயின் ஷெட் ஐந்து நிமிஷ நடை. ஆனால் போய் என்ன சொல்வது? நீங்கள் சொன்னதுபோல் வாய் விரிந்துவிட்டது என்றா? தூறல் வேறு ஆரம்பித்திருந்தது.

கிணற்றடியிலிருந்து களிமண் எடுத்துக் குழைத்து இணைப்பைச் சுற்றி அப்பினேன். மேலே கோணித் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். பார்க்கக் கட்டு போட்ட முழங்கை மாதிரி இருந்தது.

தனம் வந்து குனிந்தாள். "ஆச்சிங்களா பாவா?"

"ஆங். ஆச்சி."

"நல்லாப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன்."

அந்த ஒரு வார்த்தையோடு வண்டி கிளம்பியது.

தரைப்பாலம்

வண்டி ஓடும்போது அபாயமில்லை. இன்ஜின் புகையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வழி முழுவதும் ஒவ்வொரு பள்ளத்திலும் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

தரைப்பாலத்தில் தண்ணீர் போவதைப் பார்த்து நிறுத்தினேன். அரை மணியில் வடிந்துவிடும் என்று தோன்றியது. அதுவரை நெருப்பு அணையக்கூடாது. இறங்கிப் பின்னால் போய்க் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

களிமண் காய்ந்து, வழிக் குலுங்கலில் வெடித்திருந்தது எனக்குத் தெரியாது. நான் சுற்றச் சுற்ற, விசிறி தள்ளிய புகை முன்பக்கம் போனதோடு ஆசனத்துக்கு அடியிலும் ஏறிக்கொண்டிருந்தது. படுதா இறுக்கிக் கட்டிய கூட்டுக்குள் இரண்டு பெண்கள். வெளியே மழையில் நான் அவர்களுக்கு அந்தப் புகையை ஊதிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, தண்ணி வடியுது" என்றேன்.

பதில் இல்லை.

"தனம்."

தூக்கம் என்றே அப்போதும் நினைத்தேன். மழை படுதாவில் பொரிந்துகொண்டிருந்தது. மேலும் பத்து இருபது சுற்று சுற்றியிருப்பேன். வண்டியின் பக்கவாட்டுக்கு வந்து தண்ணீரைப் பார்க்கலாமென்று திரும்பியபோது அதைக் கண்டேன்.

படுதாவின் அடிவிளிம்பிலிருந்து தனத்தின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் வந்து நின்றிருந்தன. மழைத் தண்ணீர் முழங்கையிலிருந்து வளையல் வளையலாக இறங்கி விரல் நுனியில் சொட்டியது. அவள் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கையைத் தொட்டேன். அது என் விரலைப் பிடிக்கவில்லை.

படுதாவின் முடிச்சுகள் நனைந்து இறுகியிருந்தன. பல்லால் கடித்தேன். கடைசியில் கித்தானையே இழுத்துக் கிழித்தேன். உள்ளிருந்து அடுப்படிச் சூடு முகத்தில் அடித்தது. அத்தை வாயைத் திறந்தபடி மூலையில் சாய்ந்திருந்தார். தனத்தின் தலை அவர் மடியில் கிடந்தது. அவளைத் தூக்கியபோது கழுத்து நிற்கவில்லை. எனக்கே தலை சுற்றிக் கண் இருட்டியது. அவளை ரோட்டோரப் புல்லில் கிடத்திவிட்டு ஓடிப்போய் அத்தையை அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். பாதி வழியில் இருவருமாகச் சேற்றில் விழுந்தோம்.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் மூத்தவள் குனிந்து தனத்தின் வயிற்றைப் பார்த்தாள்.

"புள்ளத்தாச்சிங்களா?"

"ஆங்."

"எத்தினி மாசம்?"

"ஏழு."

அவள் புல்லில் மண்டியிட்டாள். "மூஞ்சிய மூடாதீங்க. காத்து படட்டும். நீ காலைத் தேய், நீ கையைத் தேய்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தனத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் சும்மா நின்றேன். திருத்தணி மலை இருக்கும் திசையில் மழை திரை போட்டிருந்தது. கும்பிடவும் தோன்றவில்லை.

முதலில் கண் திறந்தவர் அத்தை. சுற்றிலும் பார்த்து, "ஊரு வந்துட்டுதா?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தனம் எத்தனை நேரம் கழித்து அசைந்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. வாந்தி எடுத்தாள். இன்னொருமுறை எடுத்தாள். கண்ணைத் திறந்தவுடன் அவள் கை வயிற்றுக்குப் போயிற்று. அங்கேயே இருந்தது. அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவா, உள்ள அசைவே இல்ல."

ஒரு பகலும் ஒரு விடியலும்

அந்தப் பெண்கள் மாட்டு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். பொதட்டூருக்குப் போய்ச் சேர்ந்ததும் மருத்துவச்சி வந்து வயிற்றில் கையையும் காதையும் வைத்துப் பார்த்தாள். "உசுரு இருக்குது. அசையத்தான் காணோம். பாக்கலாம்" என்றாள்.

கண்ணேறு என்றார் அத்தை. குணமானால் மலைக்கு வந்து மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். மாமா என்னைக் கூடத்துக்கு அழைத்தார்.

"வண்டி நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது மாமா. படுதா மூடியிருந்ததால காத்து இல்லாமப் போச்சி."

அவர் தலையாட்டினார். நான் சொன்னதை நம்பியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அந்தப் பகலைக் கழித்தேன்.

மறுநாள் விடிந்து பக்கத்து வீட்டில் தறி ஓடத் தொடங்கிய நேரம். உள்ளறையிலிருந்து தனம் கூப்பிட்டாள். ஓடினேன். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை, பிறகு இன்னொன்று. அவள் அழுதாள். நானும் அழுதேன். நட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காதர் பாய் கேட்டது

மூன்று நாள் கழித்து, தரைப்பாலத்தருகே விட்டிருந்த வண்டியை, எல்லாப் படுதாவையும் கழற்றி எறிந்துவிட்டு, திருத்தணிக்கு ஓட்டிவந்து ஷெட்டில் நிறுத்தினேன். காதர் பாய் ஆசனத்தைத் தூக்கினார். கோணித் துணியை அவிழ்த்ததும் களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"யாரு பூசினது?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வண்டி நிக்கும்போது உள்ள யாராவது இருந்தாங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான். வெளிய நின்னுகினு இருந்தேன்."

அவர் உளியை வைத்து அந்த நட்டை வெட்டியெடுத்தார். வேறு நட்டு போட்டுத் தன் கறுத்த ஸ்பானரால் இறுக்கினார். ஒரே திருப்பு. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பட்டணத்துல ஒரு வாச்சுமேன். குளுருக்குக் கரி லாரி பக்கத்துல படுத்தான். காலைல எழுப்புனா எழுந்துக்கல. இது மூச்ச அடைக்கிற பொகை இல்லிங்க. ரத்தத்துல எறங்கிடும்."

அதுவரை நான் சொன்ன பொய்யை நானே பாதி நம்பியிருந்தேன். காற்றில்லாத மயக்கம், தெளிந்துவிட்டது, தீர்ந்தது என்று. ரத்தம் என்றதும் தனத்தின் வயிற்றுக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது.

"வயித்துல புள்ள இருக்கறவங்க யாராவது அத மோந்துட்டா?" என்றேன்.

காதர் பாய் துடைப்பதை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டரக் கேளுங்க."

அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். ஒரு சிநேகிதரின் மனைவிக்கு இப்படி ஆயிற்று என்று கேட்டேன். தாய்க்குத் தெளிந்துவிட்டால் பயமில்லை, குழந்தையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, பிறந்த பிறகு காது கேட்கிறதா, கை கால் வருகிறதா, புத்தி எப்படி என்று கவனிக்க வேண்டும் என்றார். வாசல்வரை போனவனைக் கூப்பிட்டு, "உங்க சிநேகிதர ரொம்பப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

அந்த ஸ்பானர்களை என்ன செய்தேன் என்று கேட்கலாம். சைக்கிளுக்கு வைத்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் சொன்னது சரிதான். சைக்கிளுக்கு நன்றாகவே இருந்தன.

கரண்டி

தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது. விரல்களை எண்ணினேன், எல்லாம் இருந்தன. ஆனால் டாக்டர் சொன்னவை விரல்களைப் போல எண்ணிப் பார்க்கக்கூடியவை அல்லவே.

ஐந்தாம் மாதம் தனமும் குழந்தையும் திருத்தணிக்கு வந்தார்கள். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வந்ததும், தனம் கிணற்றுக்குப் போகும் சமயம் பார்த்து, ஒரு பித்தளைச் சொம்பையும் கரண்டியையும் எடுத்துக்கொள்வேன். குழந்தையின் தலைக்குப் பின்னால், அதன் கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்து தட்டுவேன். குழந்தை திரும்பும். மனசு லேசாகும். ராத்திரிக்குள் சந்தேகம் வந்துவிடும். சத்தத்துக்குத் திரும்பியதா, அல்லது தானாகவே திரும்பியதா? மறுநாள் இன்னும் மெதுவாகத் தட்டிப் பார்ப்பேன்.

இப்படி ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் தட்டிவிட்டு நிமிர்ந்தால் புழக்கடை வாசலில் தனம் நிற்கிறாள். இடுப்பில் குடம்.

"இன்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. வேடிக்கை காட்டறேன்."

"பின்னால குந்திகினா வேடிக்கை காட்டுவாங்க?"

சொம்பைக் கீழே வைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஆடிய நட்டு, களிமண், மாமாவிடம் சொன்ன பொய், காதர் பாய் கேட்டது, சிநேகிதரின் மனைவி என்று டாக்டரிடம் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விடுவாள் என்றுகூட நினைத்தேன்.

"அன்னிக்கி எனக்குக் குதிகால்ல சூடாக் காத்து பட்டுகினே இருந்தது" என்றாள். "கரி வாசனை வந்தது. தலை வலிச்சிது. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது. அம்மா பக்கத்துல குந்தியிருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா நைனா காதுக்குப் போவும். உங்கள வண்டியத் தொடாதேன்னுடுவாரு. கொஞ்ச நேரந்தானே, பொறுத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அவள் குனிந்து சொம்பை எடுத்தாள்.

"நீங்க காலைல ஸ்டேஷனுக்குப் போன பின்னால நானும் தட்டுவேன் பாவா. வந்த நாள்லருந்து தெனம் தட்டறேன். அன்னிக்கி உள்ள அசையாமக் கெடந்துதே, அந்தப் பயம்."

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கட்டை விரலைச் சப்பியது. தனம் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் புடவை நனைந்திருந்தது.

அன்றிலிருந்து ஒளித்துச் செய்யவில்லை. காலையில் அவள் தட்டினாள். மாலையில் நான் தட்டினேன். குழந்தை திரும்பியதா, எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பயம் போகவில்லை. குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்றது. அதற்குப் பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் நான் பின்னால் உட்கார்ந்து தட்டப்போகும் சமயம், குழந்தை திரும்பிப் பார்த்து, தத்தித் தத்தி நடந்துவந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டது. சொம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்து அதுவே தட்ட ஆரம்பித்தது. தட்டிவிட்டு, நான் திரும்புகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தது.

தனத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றோடு நிறுத்திக்கொண்டோம்.